சிக்கல்களைத் தீர்ப்பதும் புதிதாக யோசிப்பதும் பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?

பழகினால் வரும். எனக்கு ஒரு கிணற்றுக்குள் வந்தது.

பாலிடெக்னிக் முடித்த கையோடு, பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் பம்ப்செட் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு சித்திரை மாதம் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து, "மோட்டார் ஓடுதுங்க, தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்றார். போனோம். கிணற்றுக்குள் இறங்கியதும், திட்டில் இருந்த பம்ப்பைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தேன்.

"அதைக் கீழ வை மாப்ள. எதனாலன்னு நினைக்கிற, மொதல்ல சொல்லு" என்றார் மாமா.

புட்வால்வு என்றேன். உறிஞ்சு குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற வால்வு அது. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

"சரி, புட்வால்வுதான்னு வெச்சுக்குவோம். அப்ப வேற என்ன தெரியணும்?"

புட்வால்வு ஒழுகினால், பம்ப்பில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் இறங்க வேண்டும். ஊற்றிப் பார்த்தோம். கால் மணி நேரமாகியும் விளிம்பிலேயே நின்றது. புட்வால்வும் சரி, உறிஞ்சு குழாயும் சரி, ஒரு நட்டைக்கூடத் தொடாமல் சந்தேகம் தீர்ந்தது. கரண்டில் பேஸ் (phase) மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதோ என்றேன். அதுவும் இல்லை.

மாமா தோட்டத்துக்காரர் பக்கம் திரும்பினார். "திடீர்னு நின்னுச்சுங்களா, கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுதுங்களா?" பத்து நாளாகவே குறைந்து வந்ததாம். மோட்டாரைப் போட்டால் பம்ப்புக்குள் கூழாங்கல்லை உருட்டுவது போலச் சத்தம். மாமா ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, திட்டிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை விட்டு, இழுத்து முழம் போட்டார். 19 முழம், அதாவது 28 அடிக்கு மேல். அந்த மாதிரி பம்ப் 25 அடியைத் தாண்டினாலே உறிஞ்சத் திணறும். கோடையில் கிணறு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பம்ப்பைக் கீழ்த்திட்டுக்கு இறக்கினோம். பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

அது ஏன் 25 அடி என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு படித்தபோதுதான், 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இதே சிக்கல் இருந்தது தெரிந்தது. எவ்வளவு நல்ல உறிஞ்சு பம்ப்பாக இருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு, அதாவது 33 அடிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. (குழாய் உராய்வும் மற்ற இழப்புகளும் போக, நமக்கு 25 அடிதான் மிஞ்சுகிறது.) நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவதைப் போல, தண்ணீர்த் தூணும் அறுகிறது என்று 1638இல் கலிலியோ விளக்கம் சொன்னார். இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லிக்கு வேறு மாதிரி தோன்றியது. பம்ப் தண்ணீரை இழுக்கவே இல்லை, வெளியே இருக்கிற காற்றின் எடைதான் அதை மேலே தள்ளுகிறது என்று நினைத்தார்.

அதைச் சோதிக்க 10 மீட்டர் கண்ணாடிக் குழாய்க்கு எங்கே போவது? பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். அவர் நினைத்தது சரியென்றால் பாதரசத் தூண் முக்கால் மீட்டர் உயரம் நின்றால் போதும். 1643-44இல் செய்து பார்த்தபோது ஏறக்குறைய 76 சென்டிமீட்டரில் நின்றது. கிணற்றளவு கேள்வி மேசைமேல் வந்துவிட்டது! அதோடு விடவில்லை. காற்றின் எடைதான் காரணம் என்றால், மலைமேல் காற்று குறைவு, அங்கே தூண் இறங்க வேண்டும். 1648இல் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் தன் மைத்துனர் பெரியேயை பிரான்சில் ஒரு மலையில் ஏறிப் பார்க்கச் சொன்னார். மூன்று அங்குலம் போல இறங்கியிருந்தது. "அப்ப வேற என்ன தெரியணும்?" என்ற மாமாவின் கேள்விதான் அங்கேயும்.

புதிதாக யோசிப்பது என்று நாம் வியக்கிற விஷயத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நினைத்ததைத் துணிந்து சொல்லிவிட வேண்டும், அப்புறம் அதைக் கைக்கு எட்டுகிற செலவில் சோதிக்க ஒரு வழி தேட வேண்டும். அதற்குக் கையில் சரக்கும் வேண்டும். பாதரசத்தின் கனம் தெரியாதவருக்கு அந்த யோசனை வந்திருக்காது. பாடத்தை ஒதுக்கிவிட்டுக் 'கற்பனைத் திறன்' மட்டும் வளர்க்கும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

இப்போது நான் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். ஆய்வகத்தில் மாணவர்கள் எதைத் திறப்பதற்கு முன்பும் நோட்டில் இடப்பக்கம் 'நினைத்தது' எழுத வேண்டும், திறந்த பிறகு வலப்பக்கம் 'இருந்தது'. முதல் மாதம் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. சிலர் இடப்பக்கத்தை அழித்துவிட்டு, விடைக்கு ஏற்றாற்போல மாற்றி எழுதுவார்கள். அந்த நோட்டை வாங்க மாட்டேன், தப்பான ஊகத்தை அப்படியே விட்டு வை என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

போன பருவத்தில் ஒரு மாணவி இடப்பக்கம் இரண்டு காரணம் எழுதியிருந்தார். அதன் கீழே, நான் கேட்காமலே, 'தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்' என்று ஒரு வரி. அன்றைக்குச் சாயங்காலமே மாமாவுக்கு போன் போட்டு அதை வாசித்துக் காட்டினேன்.