தோட்டம் கேள்வி-பதில்: அத்திக் குச்சியும் அவசரத் துளிரும்

கேள்வி: ஐயா, மார்கழியில் அண்ணி வீட்டு மரத்திலிருந்து எட்டு சீமை அத்திக் குச்சி கொண்டுவந்தேன். ஐந்தைச் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் ஊன்றி, காலை மாலை தண்ணீர் ஊற்றி, பாலிதீன் கவர் போட்டு மூடினேன். மூன்றை ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தேன். பத்தே நாளில் தொட்டியில் ஐந்தும் துளிர்த்தன. மூன்றாவது வாரம் எல்லாம் துவண்டுவிட்டன. பிடுங்கினால் அடி கறுத்து நாறுகிறது. டப்பாவில் உள்ளவற்றில் வெள்ளைப் பூசணம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடவா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தொட்டியில் இருந்த ஐந்தையும் அந்த மண்ணோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள், தாயி. டப்பாவில் இருக்கும் மூன்றைப் போட்டுவிடாதீர்கள்.

நமக்கெல்லாம் முருங்கைப் போத்து ஊன்றிப் பழகிய கை. குழி பறித்து நட்டு, தலையில் சாணி உருண்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் வந்துவிடும். அத்தி அப்படி இல்லை. வேர் இல்லாத குச்சி அதிகம் தண்ணீர் குடிக்காது. நீங்கள் ஊற்றியதெல்லாம் மண்ணில் தேங்கி, காற்றை விரட்டி, அடியை அழுக வைத்துவிட்டது. தொழுவுரம் அழுகலுக்குப் போட்ட தீனி.

துளிரை நம்பாதீர்கள். குச்சிக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தில்தான் முதல் இலை வருகிறது. அதற்கு வேர் தேவையே இல்லை. நர்சரி வைத்த புதிதில், பன்னிரண்டு குச்சியில் இலையைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுத்தேன். அவர் வந்த அன்று என்னிடம் இருந்தது பன்னிரண்டு கறுத்த குச்சி.

இப்போது டப்பாவுக்கு வருவோம். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பூசணம் மேலோடு மட்டும்தான். பழுப்பாகிக் கொழகொழவென்று அழுந்தினால் அது அழுகல். நுனி மட்டும் அழுகியிருந்தால், நல்ல நிறம் வரும்வரை வெட்டித் தள்ளலாம்.

இன்னொன்று. கணுவைச் சுற்றி நொய்யரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பலர் அதையும் பூசணம் என்று சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். அது பட்டையின் மூச்சுத் துளைகள் ஈரத்தில் பருத்திருப்பது. தேய்த்தால் போகாது, பூசணம் போய்விடும்.

பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்கு விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து ஐந்து நிமிடம் முக்கி, நிழலில் மேல் ஈரம் காயும்வரை வையுங்கள். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வெட்டும்போது வடியும் பாலைக் கழுவிவிடுங்கள். அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும்.

இனி நட வேண்டியது தென்னை நார்க்கழிவில். உப்பு போக இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியுங்கள். பதம் என்னவென்றால், புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதேதான். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது. ஜூஸ் கடையின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி நடுங்கள். மேலே இன்னொரு டம்ளரைக் கவிழ்த்து, தினம் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். வெயில் படாத, வெதுவெதுப்பான இடம் போதும். தண்ணீர்? ஊற்றவே வேண்டாம். டம்ளரைத் தூக்கிப் பார்த்து, கனம் நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன்.

பட்டைத்தூள் தடவலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வெட்டுவாயில் தடவினால் பூஞ்சை கொஞ்சம் அடங்கும். ஆனால் தண்ணீரைக் குறைக்காதவருக்குப் பட்டைத்தூள் பிரியாணிக்குத்தான் ஆகும். அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியும் நல்லதுதான். முன்கூட்டியே நார்க்கழிவில் கலக்க வேண்டும். அழுகியதை அது எழுப்பாது. பெராக்சைடோடு சேர்த்தால் அதுவும் செத்துவிடும்.

கேள்வி: டம்ளரில் வெள்ளை வேர் தெரிகிறது, நான்கு இலையும் இருக்கிறது. மூடியை எடுத்த அன்றே தலை தொங்கிவிட்டது. ஏன்? (வாசகர், ஓசூர்)

பதில்: நீராவிக்குள் வளர்ந்த இலை சட்டென்று வெளிக்காற்றைத் தாங்காது. மறுபடி மூடுங்கள். முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். வெள்ளை வேர் லேசாகப் பழுப்பேறிய பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். வெள்ளையாக இருக்கும்போது தொட்டால் ஒடிந்துவிடும்.

கேள்வி: அத்திக்குள் குளவி இருக்கும் என்கிறார்களே, என் மொட்டை மாடி அத்தி குளவி இல்லாமல் காய்க்குமா? (வாசகர், மதுரை)

பதில்: சீமை அத்தியில் நாம் வளர்ப்பது பெரும்பாலும் பூனா அத்தி வகை. அது குளவி இல்லாமலே காய்க்கும். புனே மாவட்டத்துப் புரந்தர் அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்பது அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்திக்குச் சொன்னது. குளவி குடியிருப்பது அதில்தான். குச்சி தருபவரிடம் எந்த அத்தி என்று கேட்டு வாங்குங்கள். நாட்டு அத்தி என்றால் மாடிக்கு வேண்டாம், அது பெருமரம்.