சாக்கில் நடந்த சங்கு

வணக்கம் சார்,

போன ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போனேன். முதல் தடவை. என் சாக்கில் போட்ட சங்கு ஒன்று நடக்க ஆரம்பித்துவிட்டது! பதறிப்போய்க் கடலில் வீசிவிட்டேன். கிளிஞ்சல், காய்ந்த பாசி, கொடி எல்லாவற்றையும் அள்ளச் சொன்னார்கள், அள்ளினோம். வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது. சரியாகத்தான் செய்தோமா?

ஒரு வாசகி, அடையாறு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சாக்கில் நடந்தது துறவி நண்டு. அதன் வயிற்றுப்பகுதிக்கு ஓடு கிடையாது, மெத்தென்று இருக்கும். அதனால் செத்த நத்தையின் காலிச் சங்குக்குள் புகுந்துகொள்ளும். உடம்பு வளர வளரப் பெரிய சங்காகத் தேடி வீடு மாறும். (ஆயுள் முழுக்க வீடு தேடி அலைகிற பிராணிக்குத் துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ!) சங்குகளை நாம் அள்ளிவிட்டால் அது பாட்டில் மூடிக்குள் குடியேறும். அப்படி வாழும் நண்டுகளைப் பல நாடுகளில் படம் பிடித்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிக், தெர்மாகோல், கண்ணாடிச் சில்லு, முக்கியமாக அறுந்த வலைத்துண்டு, இவற்றை எடுத்ததில் தப்பே இல்லை. பாசியை விட்டிருக்கலாம். அதைக் கிளறினால் பொடிப்பொடியாகப் பூச்சிகள் துள்ளும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய பறவைகளும் அங்கேதான் மேயும்.

கொடி விஷயத்தில் நானும் குற்றவாளிதான். பல வருடங்களுக்கு முன், ஊதாப் பூ பூத்த அடப்பங்கொடியைக் களை என்று நினைத்துப் பிடுங்கிக் குவித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அத்தப் பிடுங்குனா மண்ணு எங்க வூட்டுக்குள்ள வரும் தம்பி" என்றார். மணல்மேட்டைக் காற்று அள்ளிப்போகாமல் பிடித்துவைப்பது அந்தக் கொடிதான். சங்கப் பாட்டில் மான்குளம்பு போன்ற இலை என்று வருகிற அடும்பு அதுதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. படித்தது ஒரு பக்கம், பிடுங்கிய கை ஒரு பக்கம்.

இன்னொன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மேட்டு மணலில் மண்வெட்டியோ வாரியோ போடாதீர்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டை போலப் புதைத்துவிட்டுப் போயிருக்கும். குஞ்சு பொரிக்க ஏழு வாரம் போல ஆகும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறார்கள். இருந்தாலும் கண்ணில் படாமல் போகும் குழிகள் உண்டு. அந்த மாதங்களில் மேலே கிடப்பதைக் கையால் பொறுக்கினால் போதும்.

நண்டைக் கடலில் வீசியதற்கு வருத்தப்படாதீர்கள். ஆனால் நிலத்தில் வாழும் துறவி நண்டும் உண்டு, அது தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இனி எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை விடிவதற்குச் சற்று முன்பே போய்ப் பாருங்கள், கூட்டம் வருவதற்குள் பேய் நண்டுகள் வளையிலிருந்து மணலை அள்ளி வெளியே வீசிக்கொண்டிருக்கும்.