தாழைக்குள் வந்து இறங்கும் மீன்குஞ்சுகளை எண்ணுவது எப்படி?

ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து முதுகலை மாணவி ஒருவர் கேட்கிறார்: "தொண்டிப் பக்கம் கடற்புல்லில் புதிதாக வந்து தங்கும் மீன்குஞ்சுகளைக் கணக்கெடுக்க வேண்டும். மடியில் (மீன் சேரும் பையில்) கொசுவலை வைத்துச் சின்னதாக ஒரு கரமடி, அதாவது கரைக்கு இழுக்கும் வலை, கட்டித் தருகிறேன் என்கிறார் அப்பா. அது போதுமா? மாதம் ஒருமுறை போனால் சரியா?"

கரமடி நம் மணல் கரைக்கு அருமையான வலை. ஆனால் வலையின் அடியிலுள்ள ஈயக்கயிறு தரையோடு ஒட்டி வரும்வரைதான் அது ஒழுங்காகப் பிடிக்கும். தாழை (பாக் நீரிணையில் கடற்புல்லுக்கு அதுதான் பேர்) அடர்ந்த இடத்தில் கயிறு இலைமேல் ஏறிவிடும். அடியில் ஒண்டியிருக்கிற ஒரு சென்டிமீட்டர் குஞ்சு அங்கேயே தங்கிவிடும். புல் அடர அடர வலை குறைவாகப் பிடிக்கும். அந்த எண்ணை நம்பி, அடர்ந்த தாழையில் குஞ்சு குறைவு என்று எழுதினால் உண்மை தலைகீழாகிவிடும். போதாததற்கு, கொசுவலையில் இலைத்தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே புகாமல் முன்னால் தள்ளப்படும், குஞ்சும் அதோடு ஒதுங்கிவிடும்.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். திறந்த கடலில் மிதந்து திரிந்துவிட்டுப் புல்லுக்கு வந்து இறங்கியவை எத்தனை என்று பார்க்கிறீர்களா, பிழைத்துத் தங்கியவை எத்தனை என்றா? பவளப்பாறை மீன்களில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இறங்கிய ஓரிரு நாளிலேயே சராசரியாகப் பாதிக்கு மேல் இரையாகிப் போவது தெரிந்தது. மாதம் ஒருமுறை போகிறவருக்குக் கிடைப்பது மிச்சம் மட்டும்தான்.

தங்கியவற்றை எண்ண, மேலும் கீழும் திறந்த ஒரு சதுர மீட்டர் பெட்டி போதும். பக்கங்களுக்கு அலுமினியத் தகடு, உயரம் தண்ணீரை விடக் கொஞ்சம் கூடுதல். முழங்கால் முதல் தொடை வரையான ஆழத்தில், சத்தமில்லாமல் போய் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வீசி, உடனே ஓடிப்போய் விளிம்பை மண்ணில் அழுத்துங்கள். பிறகு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கண்ணியுள்ள கைவலையால் கோருங்கள். ஐந்து தடவை தொடர்ந்து வெறுமையாக வந்தால்தான் நிறுத்த வேண்டும். அதே பெட்டிக்குள் புல் தண்டுகளையும் எண்ணிவிடுங்கள், அப்புறம் அது கிடைக்காது. தொண்டிக்குப் போகும் முன் மணக்குடிக் காயலின் ஆழமில்லாத ஓரத்தில் இரண்டு நாள் வீசிப் பழகுங்கள். கை பழகாதவர் வீசினால் பாதிக் குஞ்சு தப்பிவிடும்.

வந்து இறங்குபவற்றுக்குச் செயற்கைத் தங்குமிடம் வேண்டும். கலிஃபோர்னியாவில் பாறை மீன் குஞ்சுகளுக்காக, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் 35 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பிளாஸ்டிக் வலை உருளைக்குள் இன்னும் கொஞ்சம் வலையைச் சுருட்டித் திணித்து, மிதவையில் கட்டி நீரில் தொங்கவிடுகிறார்கள். தாழைக்கு நான் பரிந்துரைப்பது வேறு: வலைச் சட்டத்தில் மிதக்கும் நாடாக்களைக் கட்டிச் செய்யும் செயற்கைப் புல். எல்லாச் சட்டத்திலும் நாடாவின் நீளமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், இடத்துக்கு இடம் வரும் வேறுபாடு புல்லால் வந்ததல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்று கவனம்: இதில் கிடைப்பது ஒப்பிடுவதற்கான எண், சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கல்ல. பெட்டியின் எண்ணோடு கலக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஒரு நாடா விடாமல் கரையேற்றிவிடுங்கள்.

இரவில் வெளிச்சம் காட்டிக் குஞ்சுகளை இழுத்துப் பிடிக்கும் விளக்குப் பொறியை விட்டுவிடலாம். நிலவொளியிலும் கலங்கல் நீரிலும் அதன் வீச்சு மாறும்.

பல இன மீன்கள் இரவில், அமாவாசையை ஒட்டி இறங்குகின்றன. அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து நாள் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் கலங்கும், அதைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

பிடித்த குஞ்சை ஃபார்மலினில் போடாதீர்கள். எத்தனாலில், 95 சதவீதத்தில் போடுங்கள். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த குஞ்சுகளை நான் ஃபார்மலினில் வைத்து, காதுக்கல் (மீனின் உட்காதில் இருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல்) எல்லாம் அமிலத்தில் கரைந்து போனதை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். குஞ்சுகளின் காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். பல இனங்களில் தரைக்கு இறங்கிய நாளும் அதில் தனித் தடமாகப் பதிந்திருக்கும். அதைப் படிக்க முடிந்தால், நீங்கள் போகாத நாளில் வந்தவற்றையும் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

கடற்குதிரையும் குழல்மீனும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அகப்பட்டால் எண்ணி உடனே விடுங்கள். தொண்டிக்கு வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி கையில் இருக்க வேண்டும்.

சரி, அப்பாவின் கரமடி? விரல் நீளத்துக்கு வளர்ந்த ஓரா, விளமீன் குஞ்சுகள் பெட்டி விழுவதற்குள் ஓடிவிடும். அவற்றுக்கு, புல் முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில் அந்த வலையை இழுங்கள். மடிக்குக் கொசுவலை வேண்டாம், ஐந்து மில்லிமீட்டர் கண்ணி போதும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.