சிங்கப்பூர்–நியூயார்க் தூரம் 15,300 கி.மீ. என்றால், பயணம் 17 மணி நேரத்தில் முடியாமல் 18¾ மணி நேரம் வரை ஆவது ஏன்?

நீங்கள் கண்ட தூரம் சரியானதே. அதை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று கணக்கிட்டதிலும் பிழையில்லை. ஆனால், அந்தத் தூரம் வரைபடக் கணக்கு மட்டுமே. விமானம் உண்மையில் பறக்கும் பாதை அதைவிட நீளமானது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பூமி உருண்டை என்பதால், இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி ‘பெருவட்டம்’ எனப்படும் வளைகோட்டின் மீது அமைகிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கே 1.4 பாகையிலும் கிழக்கே 104 பாகையிலும் உள்ளது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் வடக்கே 40.6 பாகையிலும் மேற்கே 73.8 பாகையிலும் உள்ளது. தீர்க்கரேகைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 178 பாகை வருகிறது. அதாவது இரண்டு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், குறுக்குவழி வட துருவத்தை ஒட்டியே செல்ல வேண்டும். துருவம் 90 பாகையில் இருப்பதால், சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் சுமார் 15,345 கி.மீ. கிடைக்கிறது. காகிதமும் பேனாவும் போதும் என்பதாலேயே இந்த இணை எனக்கு மிகவும் பிடிக்கும். மற்ற ஊர்களுக்குக் கோள முக்கோணவியல் சூத்திரம் தேவைப்படும்.

இனி நேரத்துக்கு வருவோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் சேவையைத் தொடங்கியபோது, பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ., பயண நேரம் 18 மணி 45 நிமிடம் வரை என்று அறிவித்தது. கூடுதலாக உள்ள 1,350 கி.மீ.க்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரத்தையும், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும். இவ்வளவு சுற்றிப் போவதற்கு முக்கியக் காரணம் காற்று. பசிபிக் பெருங்கடலின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் அதிவேகக் காற்றோட்டம் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. அதனால் நீளமான பாதையில்கூட எரிபொருள் மிச்சமாகக் கூடும். அன்றன்றைய காற்றைப் பார்த்தே பாதை முடிவாகிறது. ஆகவே அட்டவணை நேரம் ஒரு மதிப்பீடு மட்டுமே, சில நாட்களில் விமானம் முன்கூட்டியே போய்ச் சேரும்.

உள்ளூர் நேரத்தைக் கணக்கிடும்போது, கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரமும், நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18¾ மணி நேரம் பயணம் செய்தால், கோடையில் அதே தேதியில் காலை 6.45க்கும், குளிர்காலத்தில் காலை 5.45க்கும் நியூயார்க் சென்றடைவீர்கள்.