கன அளவுக் கணக்கில் எங்கே சறுக்குகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், கூம்பின் ஆரம் 7 செ.மீ, சாயுயரம் 25 செ.மீ. எனக்கு 1283.33 வருகிறது. புத்தகத்தில் விடை 1232. எது சரி?

பதில்: புத்தகம்தான் சரி. நீங்கள் 25-ஐ உயரமாகப் போட்டுவிட்டீர்கள். சாயுயரம் நுனியிலிருந்து அடிவிளிம்புக்குச் சரிந்து வருவது. கன அளவுக்கு வேண்டியது, நுனியிலிருந்து அடியின் மையத்துக்கு நேராக இறங்கும் உயரம். பிதாகரஸ் தேற்றப்படி 625 − 49 = 576, ஆக உயரம் 24. இனி ⅓ × 22/7 × 49 × 24 = 1232 கன செ.மீ. சாயுயரம் நேரடியாக வேலைக்கு வருவது வளைபரப்பில்தான்.

கேள்வி: கூம்புக்கு ⅓, கோளத்துக்கு 4/3. தேர்வில் இரண்டும் குழம்புகிறது.

பதில்: தனித்தனியாக மனப்பாடம் செய்வதால்தான். ஆரம் r, உயரம் 2r உள்ள உருளையை எடுங்கள்: 2πr³. அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் கோளம் 4/3 πr³, கூம்பு 2/3 πr³. விகிதம் 1 : 2 : 3. கூம்பு, கோளம், உருளை என்ற வரிசையில் நினைவில் வைத்தால் போதும். கோளம் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். கி.மு. 75-இல் சிசிலியில் பணியிலிருந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, புதர் மூடிய ஒரு கல்லறையில் கோளமும் உருளையும் இருந்ததை வைத்தே அது ஆர்க்கிமிடீஸுடையது என்று கண்டுகொண்டதாக எழுதியிருக்கிறார்.

கேள்வி: 12 செ.மீ விட்டமுள்ள உலோகக் கோளத்தை உருக்கி, 4 மி.மீ விட்டமுள்ள கம்பியாக இழுத்தால் நீளம் என்ன? எனக்கு 18 மீ, என் நண்பனுக்கு 72 செ.மீ.

பதில்: இரண்டும் தவறு. உருக்கினால் பரப்பு மாறும், கன அளவு மாறாது. கம்பி என்பது ஒல்லியான உருளை. கோளம்: 4/3 × π × 216 = 288π. கம்பியின் ஆரம் 0.2 செ.மீ, ஆகவே 0.04πh = 288π. h = 7200 செ.மீ, அதாவது 72 மீ. நீங்கள் விட்டத்தையே ஆரமாகப் போட்டதால் நீளம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. நண்பர் 2 மி.மீ-ஐ 2 செ.மீ ஆக்கிவிட்டார். இன்னொன்று: இங்கே 22/7 போடவே போடாதீர்கள். π இருபக்கமும் அடிபட்டுப் போகும்.

கேள்வி: வாளியின் மேல் ஆரம் 14, கீழ் ஆரம் 7, உயரம் 30 செ.மீ. சராசரி ஆரம் 10.5 என்று வைத்து உருளையாகப் போடலாமா?

பதில்: கூடாது. 10395 கன செ.மீ வரும்; உண்மையில் 10780. பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்வதால், அகன்ற மேல்பகுதி கொள்ளும் கூடுதல் அளவு சராசரியில் விடுபட்டுப்போகிறது. வாளி போல நுனி வெட்டிய கூம்புதான் இடைக்கண்டம்; அதன் சூத்திரம் ⅓πh(R² + r² + Rr). பலர் விடுவது அந்த Rr-ஐத்தான். மறந்தால் வாளியைக் கீழே நீட்டி முழுக் கூம்பாக்குங்கள். ஆரம் பாதியானதால் முழு உயரம் 60, வெட்டிய சிறு கூம்பு 30. சிறியது பெரியதில் 1/8. முழுக் கூம்பு 12320, அதில் 7/8 பங்கு 10780.

கேள்வி: தொட்டி 1.5 மீ, 80 செ.மீ, 60 செ.மீ. 7.2 லிட்டர் என்று வருகிறதே?

பதில்: ஒரு சின்ன வாளித் தண்ணீரிலா அந்தத் தொட்டி நிறையும்? பெருக்கும் முன்பே 1.5-ஐ 150 ஆக்குங்கள். 7,20,000 கன செ.மீ. 1000 கன செ.மீ ஒரு லிட்டர், ஆக 720 லிட்டர்.