வாள் பிடிக்காமல் வணிகராக மட்டும் ஆடினால் சலிக்காதா?

எனக்குச் சலிக்கவில்லை. ராக்னராக் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் நான்கு ஆண்டுகள் வணிகனாகவே ஆடினேன். நண்பர்கள் வாள்வீரன், மந்திரவாதி என்று போனபோது நான் மட்டும் ஆல்பெர்ட்டா துறைமுகத்துக்குப் போய் வணிகர் சங்கத்தில் சேர்ந்தேன். காரணம் என் ஆயா.

ஆயா வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய்க்கடை வைத்திருந்தார். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் பக்கத்து லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சின்ன அறையில் காயை வாங்கி அடுக்கி வைக்க இடம் ஏது? கால் கிலோதான் கேட்பார்கள். மற்ற கடைகளில் முகம் சுளிப்பார்கள். ஆயா ‘பேகுனா, ஆலுவா?’ என்று அவர்கள் மொழியிலேயே கேட்டு, இலவம்பாடி முள்கத்தரிக்காயில் பிஞ்சாக நான்கைப் பொறுக்கி, காம்பு முள் கையில் ஏறாதபடி காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார். மறுநாளும் அவர்கள் ஆயாவிடமே வருவார்கள்.

விளையாட்டில் நான் செய்ததும் அதுதான். வணிகருக்கு ‘டிஸ்கவுண்ட்’ என்றொரு திறன் உண்டு. அதைப் பத்தாம் நிலைவரை வளர்த்துவிட்டால் விளையாட்டே நடத்தும் கடைகளில் 24 சதவீதம் குறைத்து வாங்கலாம். கெஃபென் நகரத்தில் 600 ஜெனி (விளையாட்டின் காசு) விலையுள்ள நீலக்கல் எனக்கு 456-க்குக் கிடைக்கும். அதை வண்டியில் ஏற்றிவந்து தலைநகர் புரொன்டேராவில் கடை விரித்து 550-க்கு விற்பேன். வாங்குகிறவருக்கு 50 ஜெனி மிச்சம், கெஃபென் வரை போகும் அலைச்சலும் மிச்சம். எனக்குக் கல்லுக்கு 94 நிற்கும். அக்கோலைட், பிரீஸ்ட் என்ற பூசாரி வகை ஆட்டக்காரர்கள் ‘வார்ப் போர்ட்டல்’ என்ற மந்திர வாசலைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஒரு நீலக்கல் செலவாகும். அதனால் கோட்டைச் சண்டை நாளில் சண்டைக்கு வெகுநேரம் முன்பே என் வண்டி நிறைந்திருக்கும். சண்டை தொடங்கிய பிறகு சரக்கு கொண்டுவருகிறவன், சந்தை கலைந்த பிறகு மாடு ஓட்டிவந்தவன் மாதிரி.

ஆரம்பத்தில் வறுமைதான், அதை மறைக்க மாட்டேன். வணிகரின் ‘மாமனைட்’ அடிக்குக் காசுதான் ஆயுதம்; பத்தாம் நிலையில் ஓர் அடிக்கு 1,000 ஜெனி கரையும். முதலில் சுமை தூக்கும் திறனை ஐந்து நிலை ஏற்றுங்கள், அதன் பிறகே வண்டித் திறன் திறக்கும். வண்டித் திறன் மூன்றாம் நிலைக்கு வந்தால் கடை போடலாம். விலை அடிக்கும்போது இலக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு வைக்க வேண்டிய ஓர் அட்டையை, ஒரு பூஜ்யம் விட்டுப்போய், 15,000-க்கு வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் விற்றுப்போயிருந்தது. ஒரு மாத உழைப்பு அது.

எந்த விளையாட்டை எடுப்பது என்றும் யோசியுங்கள். ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு இணைய விளையாட்டில் 2007-இல் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்த பிறகு, விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வியாபாரம் முடிந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் வணிகர் வேடம் கட்டி ஆட ஆசைப்படுகிறவருக்கு எதிரில் ஆள் வேண்டும், பேரம் வேண்டும்.

என் கடைப் பலகையில் ‘சில்லறைக்கும் உண்டு’ என்று தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் ஓர் அக்கோலைட் வந்து நின்றான். ‘அண்ணா, நீங்கள் தமிழா? ஒரே ஒரு கல் கிடைக்குமா?’ ஆரணிப் பையன். ஆறு நண்பர்கள் வெளியே காத்திருக்கிறார்கள், கையில் 500 ஜெனிதான் இருக்கிறது என்றான். அந்த 500-க்கே கொடுத்தேன். 44 ஜெனி லாபம். தெற்கு வாசலருகே வெளிச்சத் தூண் எழுந்தது. ஒரு வாசலில் எட்டுப் பேர் போகலாம். ‘இன்னும் ஓர் இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள் அண்ணா’ என்றான். கடையை மூடிவிட்டு வண்டியோடு உள்ளே நுழைந்தேன்.