பேச்சுப் படிப்பு இல்லை, அளவெடுக்கும் படிப்பு

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை உங்கள் மகளின் சைக்காலஜி ஆசையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்களே, "பயாலஜியில இவ்வளவு மார்க் எடுக்கிற பொண்ணு, உட்கார்ந்து பேசுறதுக்கு ஒரு டிகிரி படிக்கணுமா சார்?" என்று. அப்போது அடுத்தவர் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. உங்கள் மகளும் பேசாமல் நின்றாள். அவளுக்கும் அதற்குப் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதனால் இதை இருவரும் படியுங்கள்.

சைக்காலஜி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அதன் முதல் துப்பு கிடைத்தது நட்சத்திரங்களைப் பார்க்கும் ஒரு கூடத்தில். லண்டன் அருகே கிரீனிச். நட்சத்திரம் தொலைநோக்கியில் ஒரு கம்பியைக் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் எண்ணியபடியே கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். உதவியாளர் கின்னபுரூக் குறித்த நேரம், தலைமை வானியலாளர் மாஸ்கலின் குறித்ததைவிடக் கிட்டத்தட்ட 0.8 நொடி பிந்தியது. எச்சரித்தும் சரியாகவில்லை. 1796இல் வேலை போய்விட்டது. சுமார் 20 வருடம் கழித்து இதைப் படித்த ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல், அந்த ஆள் சோம்பேறியாக இல்லாமலும் இருக்கலாமே என்று யோசித்தார். மற்ற வானியலாளர்களோடு தன்னையே ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்தவர்களுக்கு இடையிலும் வித்தியாசம் இருந்தது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நேரம் பிடிக்கிறது, அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பாவம், கின்னபுரூக்குக்கு இது தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

அடுத்து வந்தவர்கள் உடலியல்காரர்கள். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று பலர் நம்பிய காலத்தில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளையின் நரம்பை வைத்து அளந்துவிட்டார்: நொடிக்கு 30 மீட்டர் அளவில்தான், ஒலியைவிடப் பல மடங்கு மெது. ஹாலந்தில் டாண்டர்ஸ் 1868இல் இன்னும் ஒரு படி போனார். விளக்கு எரிந்ததும் கையை அசைக்க ஆகும் நேரம் ஒன்று. எந்த விளக்கு என்று பார்த்துச் சரியான கையை அசைக்க ஆகும் நேரம் இன்னொன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது, முடிவெடுக்க மூளைக்குப் பிடித்த நேரம். வெறும் கழித்தல் கணக்கு! எனக்கு இந்தத் துறையில் இன்றும் பிடித்த யோசனை இதுதான்.

இதையெல்லாம் ஒரு கூரைக்கு அடியில் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் வுண்ட். மருத்துவம் படித்தவர், ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தவர். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்தைத்தான் இந்தத் துறையின் பிறந்த வீடு என்பார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஹிப் கடிகாரம் அங்கே முக்கியமான கருவி. சோபாவில் சாய்ந்து மனம்விட்டுப் பேசுவது எல்லாம் பிறகு வியன்னாவில் ஃபிராய்டு என்ற மருத்துவர் தொடங்கிய வேறு கதை. சினிமாவில் நாம் பார்ப்பது அந்தக் கதையை.

லைப்சிக்கின் சங்கிலி நம் பக்கமும் வந்திருக்கிறது. வுண்டின் மாணவர் மூன்ஸ்டர்பர்க் ஹார்வர்டு போனார். அவரிடம் பயின்ற சென்குப்தா 1916இல் கல்கத்தாவில் தொடங்கிய உளவியல் துறைக்குத் தலைவரானார். வுண்டிடம் பட்டம் பெற்ற இன்னொருவர், ராணுவ வேலையை விட்டுவிட்டு வந்த ஸ்பியர்மன். அவரிடம் லண்டனில் படித்த கோபாலசுவாமி 1924இல் மைசூரில் துறையைத் தொடங்கினார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், கல்லூரியில் உங்கள் மகள் சந்திக்கப்போவது இந்தப் பரம்பரையைத்தான். புள்ளியியல் பேப்பர் உண்டு. பிராக்டிகல் உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு. "எல்லாரும் என்கிட்டதான் பிரச்சினையச் சொல்லுவாங்க, அதனால சைக்காலஜி" என்று சேர்ந்து, முதல் வருடமே புள்ளியியலைக் கண்டு மிரண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். அந்த மார்க் இங்கே வீணாகாது.

சரி, வேலை. மறைக்காமல் சொல்கிறேன்: பி.எஸ்ஸி. மட்டும் வைத்துக்கொண்டு தூரம் போக முடியாது. முதுகலையோடு சேர்த்து ஐந்து வருடம் என்று கணக்கு வையுங்கள். மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால், ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் தேவை. அதற்கான படிப்பு விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சேரும் வருடத்தில் மன்றத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பிக் கட்டாதீர்கள். மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் வேறு, அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. படிக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்தீர்கள் என்று பேச்சில் தெரிந்தது. இவை தவிர பள்ளி ஆலோசகர், கம்பெனியில் ஆள் தேர்வு, செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலை என்று வழிகள் இருக்கின்றன.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும், நீங்கள் பூஜ்ஜியத்துக்கு நேரே விரலை விரித்து வையுங்கள். சொல்லாமல் விடுவாள், பிடியுங்கள். 20 செ.மீ.யில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 0.2 நொடி. பிளஸ் ஒன் இயற்பியல் சூத்திரத்தில் அவளே கணக்குப் போடுவாள். 30 முறை செய்து, சராசரி எடுத்து, சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு 30 முறை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எண்களைவிட, பதினைந்தாவது முறைக்கு மேல் அவள் முகம் எப்படி இருந்தது என்பதைக் கவனித்து வந்து சொல்லுங்கள்.

ஸ்கேல் 30 செ.மீ. நீளம் இருக்கட்டும். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் நம் வயதுக்காரர்கள் கையில் சிக்காது.